ஏற்காட்டில் நீலம், கன்னங்குறிச்சியில் வெறும் இலை

"ஆசையோடு வாங்கி வைத்தும் எதிர்பார்த்தபடி வராத தோட்டச் செடி எது? ஏன் வரவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, மலைப் பக்கம் பெரிய பெரிய கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா. சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை எதிரே தெரியும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு வந்துவிடும். மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், அங்கே வளர்வது இங்கேயும் வளரும் என்று எங்கள் பகுதியில் பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன்.

ஒரு மே மாதம் கோடை விழா மலர்க் கண்காட்சிக்குப் போயிருந்தோம். திரும்பும்போது ஒரு வீட்டு வேலியோரம் ஹைட்ரேஞ்சியா பூத்து நின்றது. ஒவ்வொரு கொத்தும் குழந்தையின் தலையளவு இருந்தது. அப்படி ஒரு நீலத்தை நான் வேறு எந்தப் பூவிலும் கண்டதில்லை. பக்கத்து நர்சரியில் பூவோடு இரண்டு தொட்டிகள் வாங்கி, வழியெல்லாம் மடியில் பிடித்துக்கொண்டே மலை இறங்கினேன்.

நான்கே நாளில் கொத்துகள் பழுப்புக் காகிதம்போலக் காய்ந்துவிட்டன. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 280 மீட்டர்தான். அந்த உயர வித்தியாசத்துக்கு மட்டுமே ஏழெட்டு டிகிரி வெப்பம் கூடும். அதுவும் அக்னி நட்சத்திரத்தில் கொண்டுவந்து வெளியே வைத்திருக்கிறேன். மாமரத்து நிழலுக்கு மாற்றிய பிறகு செடி பிழைத்துக்கொண்டது. ஆனால் புதிதாக வந்த இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்தது.

காரணம் எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இந்தப் பக்கத்து பூமியைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கும் மலைக்கும் நடுவே வெள்ளைக்கல் வெட்டிய குழிகள் இருக்கின்றன. மேக்னசைட் என்று தொழிற்சாலைக்குப் போகும் கல் அதுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது; ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை கூடிக்கொண்டே போகும். கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் ஹைட்ரேஞ்சியாவின் வேரால் அதை எடுக்க முடியாது. நீல நிறத்துக்கும் இதே கதைதான். மண் புளிப்பாக இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து பூவுக்குப் போய் நீலத்தைத் தரும். கார மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகத்தான் பூக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தொட்டிகளுக்கு மட்டும் மழைத் தண்ணீரையும், அது தீர்ந்தால் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரையும் ஊற்றினேன். இலை தேறியது. பூ மட்டும் வரவில்லை.

அதற்கு என் கையே ஒரு காரணம். ரோஜாவுக்குச் செய்வதுபோலத் தை மாதம் கிளைகளை வெட்டிவிட்டேன். நாம் வாங்கும் வழக்கமான ஹைட்ரேஞ்சியா, முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையின் நுனியில் மொட்டுக் கட்டும் செடி. வெட்டினால் அந்த ஆண்டுப் பூ போயிற்று. வெட்டாமல் விட்டிருந்தாலும் இங்கே கடினம்தான்: இரவுக் குளிர் பல வாரங்களுக்கு 18 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது ஒழுங்காக மொட்டுக் கட்டும். சேலத்து மார்கழியில் அத்தனை குளிரை எங்கே தேடுவது?

மூன்றாம் ஆண்டு, என்னோடு வேலை பார்த்த தோழியின் ஏற்காட்டு வீட்டுக்கு இரண்டு தொட்டிகளையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். காபிச் செடிகளின் ஓரமாக மண்ணில் வைத்தார். அடுத்த ஆண்டே பூத்துவிட்டது என்று அழைத்தார். போய்ப் பார்த்தேன். நான் ஆசைப்பட்ட அதே நீலம். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

ரோஜாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடர்சிவப்பில் பெரிய பூவாக வாங்கிய ஒட்டு ரோஜா ஒன்றரை ஆண்டில் சின்னச் சின்ன வெளிர்ப் பூக்களாகப் பூக்கத் தொடங்கினால், நர்சரிக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒட்டுக்குக் கீழே, வேருக்காக வைத்த வேறு ரோஜாவான வேர்ச்செடியிலிருந்து ஒரு கிளை கிளம்பி மேல்செடியை அமுக்கிவிட்டது என்று பொருள். அந்தக் கிளையை முளையிலேயே, புறப்பட்ட இடத்தோடு சேர்த்துக் கிள்ளி எறிய வேண்டும். நான் செழிப்பாக வளர்கிறதே என்று அதற்குத்தான் அதிக உரம் போட்டு வளர்த்தேன்.

ஆனால் என்னை உண்மையில் வருத்தியது குண்டுமல்லி. மலைச்செடி வராததற்கு வெயிலைச் சொல்லலாம். மல்லி இந்த வெயிலுக்கென்றே பிறந்த செடி. வாசலில் வைத்து மூன்று ஆண்டுகள் ஆகியும், ஆளுயரம் படர்ந்து, ஒரு நாளைக்கு நாலைந்து பூ கொடுத்தால் அதிகம். தினமும் வாசலுக்குப் பூ கொண்டுவரும் பூக்கார அம்மா ஒரு நாள் செடியைப் பார்த்துவிட்டு, "எப்போது கண்ணு இதைக் கடைசியாகக் கவாத்து செய்தாய்?" என்று கேட்டார். ஒரு முறைகூடக் கிளையை வெட்டிவிட்டதில்லை என்றேன். மல்லி புதுத் துளிரில்தான் பூக்கும், பழைய கிளையை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும் என்றார். அவர் சொன்னபடி கார்த்திகையில் சில நாள் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மீதியை வெட்டினேன். இலையையும் உருவிவிட்டு, தொழு உரம் வைத்துத் தண்ணீர் விட்டேன். குச்சியாக நின்ற செடியைப் பார்க்கவே மனம் வரவில்லை. பங்குனியில் ஒரு மாலை பறித்த அரும்பு இரண்டு முழம் வந்தது. கத்தரிக்கோலை ஹைட்ரேஞ்சியாவில் வைத்தேன், மல்லியில் வைக்கவில்லை. எந்தச் செடி எந்தக் கிளையில் பூக்கும் என்று வாங்கும்போதே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டும் தப்பியிருக்கும்.

இன்னும் முடிவு தெரியாத ஒன்று பட்டர் ஃப்ரூட் மரம். ஏற்காட்டில் வாங்கித் தின்ற பழத்தின் கொட்டையை முளைக்கவைத்து நட்டது. எட்டு வயதாகிறது. இரண்டு ஆண்டுகளாகத் தையிலும் மாசியிலும் கிளை தெரியாமல் பூக்கிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. இதன் பூ இரண்டு முறை திறக்கும். முதல் முறை பெண்ணாக, மறுநாள் ஆணாக. சில மரங்களில் காலையில் பெண், மறுநாள் பிற்பகலில் ஆண். வேறு சில மரங்களில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். இரண்டு வகையும் அருகருகே இருந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். நூல் கட்டி அடையாளம் வைத்து ஒரு வாரம் பார்த்தேன். எங்களுடையது காலையில் பெண்ணாகத் திறக்கும் வகை. வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு மல்கோவா வைக்கலாம் என்கிறார் என் கணவர். சென்ற ஐப்பசியில் மற்ற வகையில் ஒரு ஒட்டுக் கன்று தேடி வாங்கி, பதினைந்தடி தள்ளி வைத்திருக்கிறேன். அது பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை பெரிய மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.