முழங்கால் வலி (கடிதமும் பதிலும்)

மதிப்புக்குரிய ஐயா,

நான் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து அறுபது பேர் ஐந்து கிலோமீட்டர் நடக்கப் போகிறோம். சார்க்கோமா என்ற அரிய வகைப் புற்றுநோய்க்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி சேர்க்கத்தான். எல்லோருக்கும் ஒரே நிற டீ-சேர்ட், முன்னால் கம்பனியின் பெயர். ஆளுக்கு 100 டொலர் சேர்க்க வேண்டும். பிறரிடம் கேட்கக் கூச்சமாயிருந்தது, முழுவதையும் நானே போட்டுவிட்டேன். இது தொண்டா, விளம்பரமா? பணம் சரியான இடத்துக்குப் போகுமா? நாங்கள் நடந்து யாருக்கு என்ன ஆகப் போகிறது?

ம.

அன்புள்ள ம.,

டீ-ஷர்ட்டில் கம்பெனி பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால், கனடாவில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களின் வரவுசெலவை வருமானவரித் துறையின் தளத்திலேயே யாரும் பார்க்கலாம். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் சந்தேகப்படாதீர்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி: 'கூச்சமாயிருந்தது, நானே போட்டுவிட்டேன்.'

சார்க்கோமா என்ற சொல்லை நான் முதலில் கேட்டபோது என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. கபடி ஆடுவான். இடது முழங்காலுக்கு மேலே வலிக்கிறது என்றான். ஆட்டத்தில் விழுந்திருப்பான் என்று நினைத்தோம். அப்போது நான் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் அவனைக் காலை நீட்டச் சொல்லி, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுடவைத்து நான்தான் உருவிவிடுவேன். கட்டைவிரலுக்குக் கீழே, எலும்போடு ஒட்டினாற்போல ஒரு தடிப்பு. முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது, அப்புறம் எலுமிச்சை அளவு. நீர் கோத்திருக்கிறது என்றார் கட்டுப் போடுகிறவர். நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். "போதும் மாமா" என்று பல்லைக் கடித்துக்கொள்வான். இப்படி நாலு மாதம்.

எக்ஸ்ரேயைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "யாராவது உருவிவிட்டீர்களா?" அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பத்தொன்பது வயது வரை இருந்தான்.

எங்கள் தெருவில் படித்தவர்களுக்குக் குறைவில்லை. மார்பகப் புற்று என்றால் எல்லோருக்கும் தெரியும். எலும்பில், தசையில் வருகிற இதை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றில் ஒன்றுதான், அதிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள். ஒவ்வொரு வகைக்கும் நோயாளிகள் கொஞ்சம் பேர் என்பதால் மருந்து கம்பெனிகளுக்கு இதில் அவசரமில்லை. ஆராய்ச்சியைத் தொடங்கிவைக்க இப்படிச் சேரும் பணம்தான் பல இடங்களில் கைகொடுக்கிறது.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே டெர்ரி ஃபாக்ஸ் இருந்தாரே அம்மா. அவருக்கும் முழங்கால் வலிதான். 1976இல் ஒரு கார் விபத்தில் வலது முழங்காலில் அடிபட்டது. பிறகு வலி வந்தபோது அடிபட்டதன் மிச்சம் என்றே நினைத்தார். கூடைப்பந்து சீசன் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் எலும்புப் புற்று என்று தெரிந்து முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். வயது 18. பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள். இரண்டே வருஷம் முந்தி வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்துதானாம். இடையில் நடந்த ஆராய்ச்சிதான் காரணம் என்பது அந்தப் பையன் மனதில் தைத்துவிட்டது. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். வழியில் போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊரில் சுமார் 10,000 பேர், அவர்கள் தந்ததும் 10,000 டாலர். கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர் என்ற கணக்கு அவருக்குப் பிடிபட்டது அப்படித்தான். நோய் நுரையீரலுக்குப் போய் ஓட்டம் நின்றது. ஆனால் 1981 பிப்ரவரியில் தொகை 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்று நாட்டின் ஜனத்தொகையும் அவ்வளவுதான். அந்த ஜூனில் இறந்தார், 22 வயதில்.

ஆளுக்கு ஒரு டாலர் கேட்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரிடமும் எதற்கென்று சொல்லியாக வேண்டும். நீங்கள் 100 டாலரைச் சத்தமில்லாமல் போட்டீர்கள். பணம் போய்ச் சேரும், பேச்சு உங்களோடு நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரருக்குப் பதினாறு வயதில் ஒரு பையன் இருந்தால்? கூச்சமாம், கூச்சம்! தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, ஊராரிடம் கேட்டுக் கேட்டுத்தான் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அவரைவிட நமக்கு என்ன கௌரவம் குறைந்துவிடும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நடப்பதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பத்துப் பேரிடம் ஆளுக்கு ஐந்து டாலர் கேளுங்கள். ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் வைக்க ஒரு பக்கம் அச்சடியுங்கள்: பிள்ளைக்குக் கையிலோ காலிலோ வலி வந்து தூக்கத்தைக் கெடுத்தால், வீக்கம் வற்றாமல் இருந்தால், உருவாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். எத்தனை வரி வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.