வெளியே நடமாட முடியாத பக்கத்து வீட்டுக்காரரின் பழைய சாமான்களை அகற்றிக் கொடுக்கப் போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர் ஒருவருக்கு, வேண்டாத கட்டில், மேசை, பீரோக்களை அகற்றித் தர நண்பர்கள் நால்வர் ஒப்புக்கொண்டிருப்பதாகவும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதல் முறை போகும்போது எதையுமே தூக்க வேண்டாம். அவர் வீட்டுக்குள் எப்படி நடக்கிறார் என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் ஐந்து பேர் இதே வேலையைச் செய்தோம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. வழியை அடைப்பவற்றை எடுத்துவிடச் சொல்லி அவரேதான் எங்களை அழைத்தார். முதலில் கண்ணில் பட்டது, படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் நின்ற ஒரு முக்காலி. ஒரு கால் ஆடியது. மேலே எந்தப் பொருளும் இல்லை. அவரிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை என்று நினைத்து நானே தூக்கி வெளியே வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அவர் குளியலறைக்குக் கிளம்பினார். கட்டில் சட்டத்தைப் பிடித்தார், கதவு நிலையைப் பிடித்தார், அடுத்த அடிக்குக் கையை நீட்டினார். பிடிக்க ஒன்றும் இல்லை. அருகில் நின்ற நண்பர் பாய்ந்து தாங்கிக்கொண்டார். வெளியே போய் அந்த முக்காலியைப் பார்த்தேன். விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வார்னிஷ் தேய்ந்து, மரம் வழவழவென்று இருந்தது.

வெளியே போகாதவர்கள் பலரும் இப்படித்தான் வீட்டுக்குள் நடக்கிறார்கள். நாற்காலி முதுகு, மேசை ஓரம், பீரோவின் மூலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் போவார்கள். நமக்கு இடைஞ்சலாகத் தெரிவது அவர்களுக்குக் கைப்பிடி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். ஆகவே படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு, சமையலறைக்கு, வாசலுக்கு ஒரு முறை நடந்து காட்டச் சொல்லுங்கள். கை படும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் வேறு வழியாகப் போவாரா என்றும் கேளுங்கள். சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்தும்வரை அந்தப் பொருட்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மாறாக, சுருளும் மிதியடியையும் தரையில் கிடக்கும் வயரையும் அவரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கே அகற்றிவிடலாம். அவர் வாக்கரோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துகிறவர் என்றால், பாதையில் 90 செ.மீ. அகலமாவது கிடைக்கும்படி ஒதுக்குங்கள்.

அடுத்தது, எது போக வேண்டும் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளை தொலைபேசியில் "எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்" என்று சொன்னால், அதைக் கேட்டுத் தூக்காதீர்கள். அந்த வீட்டில் காலை முதல் இரவு வரை இருக்கப்போகிறவர் அவர்தான். பொருட்கள் வெளியேறுவதைப் பார்க்கும்படி ஒரு நாற்காலியில் அவரை உட்கார வையுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று அவர் சொன்னால் அதுவும் பதில்தான். எந்தப் பொருளையும் அவர் முன்னால் குப்பை என்று சொல்லிவிடாதீர்கள். எங்களில் ஒருவர் அப்படிச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

இழுப்பறைகளை நீங்களே கவிழ்த்துக் கொட்டாமல், உருவியெடுத்து அவர் மடிக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். அடிப்பலகையில் விரித்த காகிதத்துக்குக் கீழேயும், இழுப்பறைக்குப் பின்னால் உள்ள சந்திலும் கைவிட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் பீரோவில் அப்படி ஒரு சந்தில், நூலில் கோத்த சிறு சாவி ஒன்று அகப்பட்டது. எந்தப் பூட்டின் சாவி என்று அவருக்கே நினைவில்லை. ஆனாலும் வாங்கி, நூலை விரலில் சுற்றிக்கொண்டு, நாங்கள் கிளம்பும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

தூக்கும் வேலையில் சில விஷயங்கள். கதவு நிலையின் அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். பீரோவாக இருந்தால் தட்டு, இழுப்பறை, கதவு என்று கழற்றிய பிறகே உடலைத் தூக்க வேண்டும். கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டி, போர்வை சுற்றி, எப்போதும் நிமிர்த்தியே எடுத்துச் செல்லுங்கள். படுக்கவைத்தால் தன் எடையிலேயே விரிசல் விடும். படியில் இறங்கும்போது கீழே நிற்பவர் மீதுதான் பாரம் அதிகம் இறங்கும், அதனால் வலுவானவர் அங்கே நிற்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால், கழற்றி மாட்டும்போது திருகு பழைய பிடியைப் பிடிக்காது. அதை வாங்கிக்கொள்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மெத்தையின் தையல் ஓரங்களில் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். அப்படிப்பட்ட மெத்தையை யாருக்கும் கொடுக்காமல், அறையிலேயே பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி வெளியேற்றுங்கள்.

எதை யார் எடுத்துச் செல்வார்கள் என்பது முடிவாகாமல் சோபாவை வாசலில் இறக்காதீர்கள். அது அங்கேயே நின்றுவிட்டால், அவசரத்துக்கு அவரை வெளியே கொண்டுவரும் வழி அடைபட்டுவிடும்.

எங்களுக்கு இந்த வேலை நான்கு வாரம் பிடித்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் அவர் களைத்துவிடுவார். அந்த முக்காலியை அன்றைக்கே உள்ளே கொண்டுவந்து, ஆடிய காலை இறுக்கி, பழைய இடத்தில் வைத்தோம். மூன்றாம் வாரம் சுவரில் கைப்பிடி பொருத்தினோம். இனி முக்காலியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கைப்பிடியை ஒரு முறை பிடித்துப் பார்த்தார், முக்காலியின் தேய்ந்த விளிம்பைத் தடவினார், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார். இன்னமும் அங்கேதான் இருக்கிறது.