கோடையில் வீட்டு வாசல் மண்ணில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவே, அவை என்ன?

அவை குழியானை வெட்டியவை. குழியானை என்பது ஒரு பூச்சியின் புழுப்பருவம், எறும்பைப் பிடிக்க அது வைக்கும் பொறிதான் அந்தக் குழி. தாழ்வாரத்து ஓரம், மரத்தடி என ஈரம் படாத பொடிமண்ணில் தேடுங்கள்.

ஏன் புனல் வடிவம்? காய்ந்த மணல் ஒரு அளவு சரிவு வரைதான் நிற்கும், அதைத் தாண்டினால் இறங்கிவிடும். அரிசிக் குவியலின் அடியில் ஒரு பிடி அள்ளினால் மேலே இருப்பது சரசரவென இறங்குமே, அதேதான். குழியானை பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நகர்ந்து, தலையால் மணலை வெளியே வீசி, சரிவை அந்த விளிம்பு நிலையிலேயே நிறுத்திவிட்டு அடியில் புதைந்து காத்திருக்கும். எறும்பு கால் வைத்ததும் மண் சரியும், ஏறித் தப்பப் பார்த்தால் கீழிருந்து மணலை வாரி அடிக்கும்.

குழந்தைகளிடம் ஒரு ஈர்க்குச்சியைக் கொடுத்து, விளிம்பிலிருந்து நாலு மணல் துகளை உள்ளே தள்ளச் சொல்லுங்கள். பல நேரம் உள்ளிருந்து மணல் தெறிக்கும், அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் கரண்டியால் மெல்ல அள்ளிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

இது வளர்ந்து வண்டாகும் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. மணலும் பட்டிழையும் சேர்ந்த உருண்டைக் கூட்டிலிருந்து தட்டான் போன்ற இறக்கைகளோடு வரும், ஆனால் நுனி தடித்த நீண்ட உணர்கொம்புகளைப் பார்த்தால் தட்டானும் இல்லை என்று தெரிந்துவிடும்.