மார்கோவ்னிகாஃப் அந்த ஒரு விதியைத் தவிர வேறு என்ன செய்தார்?

வேதியியல் பாடப்புத்தகத்தில் மார்கோவ்னிகாஃப் விதி, அதாவது இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஹாலைடு எந்தப் பக்கம் எப்படிச் சேரும் என்ற விதி மட்டும்தான் இருக்கிறது, ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஒரு விதியைச் சொல்லிவிட்டு மனிதர் ஓய்ந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓயவில்லை. சொல்லப்போனால் அந்த விதி அவருடைய வேலையில் ஒரு ஓரத்தில் வந்து விழுந்தது. நான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பரீட்சை முடிந்த பிறகு அந்த விதி எனக்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை, ஆனால் அவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இன்னொரு பெயரை ஷிஃப்ட் தவறாமல் ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

ரஷ்ய வேதியியலாளரான இந்த விளாதிமிர் மார்கோவ்னிகாஃப் வேதியியல் படிக்கப் போனவரே இல்லை. 1856இல் கசான் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தது சட்டப் புலத்தில், அதிலும் நிர்வாகம், பொருளாதாரம் என்று அரசு உத்தியோகத்துக்கு ஆள் தயார் பண்ணுகிற பிரிவில். அந்தப் பிரிவுக்காரர்கள் கொஞ்சம் வேதியியலும் படித்தாக வேண்டும். அதை நடத்தியவர் அலெக்சாந்தர் பூத்லெரோவ். அதோடு சட்டமாவது உத்தியோகமாவது என்று ஆகிவிட்டது, 1860இல் படிப்பு முடிந்ததும் பூத்லெரோவுக்கே உதவியாளராகச் சேர்ந்துவிட்டார்.

கசான் என்றால் மாஸ்கோவுக்குக் கிழக்கே வெகுதூரத்தில் வோல்கா கரையில் இருக்கும் ஊர், ஆனால் வேதியியலில் அதைக் குறைத்து எடைபோட முடியாது. நைட்ரோபென்சீனிலிருந்து அனிலீன் எடுக்கும் வழியை ஜீனின் 1842இல் கண்டது அங்கேதான், ருத்தீனியம் என்ற தனிமத்தை கிளாஸ் 1844இல் கண்டதும் அங்கேதான். பூத்லெரோவ் அந்த ஜீனினிடம் படித்தவர். 1861இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரத்தில் நடந்த கூட்டத்தில், ஒரு சேர்மத்தின் அணுக்கள் எது எதோடு கட்டுண்டிருக்கின்றன என்பதை வைத்துத்தான் அதன் குணம் அமைகிறது என்று அவர் பேசினார். இன்று நமக்கு இதில் என்ன புதுசு என்று தோன்றும். அன்றைக்கு மூலக்கூறுக்குள் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளவே முடியாது, அதைப் படமாகப் போடுவது வீண் வேலை என்று பெரிய பெரிய ஆட்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மார்கோவ்னிகாஃப் குருநாதரைவிட ஒரு படி மேலே போய்க் கேட்டார். சரி, எது எதோடு கட்டுண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது, நேரடியாகக் கட்டுண்டிராத அணுக்கள் ஒன்றை ஒன்று பாதிக்கின்றனவா? அசிட்டிக் அமிலத்தின் மெத்தில் பக்கத்தில் ஒரே ஒரு குளோரினைப் போடுங்கள், குளோரின் அமிலத் தொகுதியைத் தொடவே இல்லை, ஆனால் அமிலம் பல மடங்கு வலுவாகிவிடுகிறது. இதை எதில் சேர்ப்பது? அவருடைய 1869ஆம் ஆண்டு டாக்டர் பட்ட ஆய்வேட்டின் பொருளே வேதிச் சேர்மங்களில் அணுக்களின் பரஸ்பர பாதிப்புதான். இடையில் இரண்டு வருஷம் ஜெர்மனியில் எர்லன்மேயர், கோல்பே போன்ற வேதியியலாளர்களிடம் போய் வேலை செய்துவிட்டும் வந்திருந்தார்.

விதி இந்தக் கேள்வியின் கிளைதான். 1870இல் ஒரு ஜெர்மன் வேதியியல் இதழில் பியூட்டைரிக் அமிலத்தின் மாற்றியங்களை (அதே அணுக்கள் வேறு விதமாகக் கட்டுண்ட சேர்மங்களை)ப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார், அதன் கடைசிப் பக்கங்களில் பிற்சேர்க்கை மாதிரி விதி வருகிறது. இரட்டைப் பிணைப்பின் இரண்டு பக்கமும் சமமாக இல்லாத ஒரு சேர்மத்தோடு ஹைட்ரஜன் ஹாலைடு (ஹைட்ரஜனும் குளோரின், புரோமின், அயோடின் மாதிரி ஒரு ஹாலஜனும் சேர்ந்த பொருள்) சேரும்போது, ஹாலஜன் எந்தக் கார்பனில் ஹைட்ரஜன் குறைவோ அங்கே போய் ஒட்டும், அதாவது மற்றக் கார்பன்களின் பாதிப்பு எந்தக் கார்பன்மேல் அதிகமோ அங்கே. இந்த இரண்டாம் பாதியைத்தான் பாடப்புத்தகம் விட்டுவிடுகிறது, என்னைக் கேட்டால் உயிரே அதில்தான் இருக்கிறது. புரோப்பீனோடு ஹைட்ரஜன் அயோடைடு சேர்ந்தால் அயோடின் நடுக் கார்பனுக்குப் போகிறது என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அது ஏன் என்று கேட்டதுதான் இவர் வேலை. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். கார்பன் நேர்மின் அயனி, அதன் நிலைப்புத்தன்மை என்று இன்று நாம் விடைத்தாளில் எழுதும் காரணங்கள் எதுவுமே அப்போது கிடையாது, பாதிப்பு என்ற ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதர் சரியான பக்கம் கையைக் காட்டியிருக்கிறார். பெராக்சைடு இருந்தால் ஹைட்ரஜன் புரோமைடு தலைகீழாகச் சேரும் என்பது காராஷ், மேயோ என்ற வேதியியலாளர்கள் 1933இல் சொன்ன பிறகுதான் விளங்கியது. அது வரைக்கும், விதிப்படி வராத புட்டிகளைப் பார்த்துப் பல பேர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மூலக்கூறிலிருந்து அணுக்களை நீக்கி இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் நீக்க வினைப் பாடத்தில் ஜைட்செவ் விதி என்று ஒன்று வருமே, அந்த ஜைட்செவும் இதே கசான்காரர், அவரும் அதே நிர்வாகப் பிரிவில் ஆரம்பித்து பூத்லெரோவ் பாடத்தில் மாட்டிக்கொண்டவர். இரண்டு பேருக்கும் ஆகாது. ஜைட்செவ் மேல்பட்டம் எதுவும் வாங்காமலே ஜெர்மனிக்குப் போய், கட்டமைப்புக் கொள்கை என்றாலே முகம் சுளிக்கும் கோல்பேயிடம் சேர்ந்துவிட்டுத் திரும்பியவர், மார்கோவ்னிகாஃபோ கட்டமைப்புக் கொள்கையில் ஊறியவர், அதுவும் ஒரே துறையில், ஒரே நாற்காலியைக் கண்ணில் வைத்துக்கொண்டு. 1868இல் பூத்லெரோவ் பீட்டர்ஸ்பர்க் போய்விட்டார். மூன்றே வருஷத்தில் மார்கோவ்னிகாஃபும் கிளம்பிவிட்டார், ஆனால் அதற்குக் காரணம் ஜைட்செவ் இல்லை.

லெஸ்காஃப்ட் என்ற உடற்கூறியல் பேராசிரியர் பல்கலைக்கழக நிர்வாகத்தை வெளிப்படையாக விமர்சித்தார் என்று 1871இல் வேலையை விட்டு நீக்கினார்கள். அதைக் கண்டித்து ராஜினாமா செய்த பேராசிரியர்களில் மார்கோவ்னிகாஃப் ஒருவர். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர், இப்போதுதான் பேராசிரியர் ஆனவர், விதி வெளியாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, தன் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்காக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கசானில் அந்த இடம் ஜைட்செவுக்குப் போனது, அவர் 1910இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து ரெஃபர்மாட்ஸ்கி, வாக்னர் என்று வேதியியலாளர்களின் ஒரு பட்டாளத்தையே உருவாக்கினார். மார்கோவ்னிகாஃப் இரண்டு வருஷம் ஒடெசாவில் இருந்துவிட்டு 1873இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

அடுத்த முப்பது வருஷம்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். இரட்டைப் பிணைப்பை விட்டுவிட்டு வளையங்களுக்குப் போய்விட்டார். கார்பன் வளையம் என்றால் பென்சீன் மாதிரி ஆறு கார்பன்தான், வேறு அளவு நிற்காது என்ற நம்பிக்கை அப்போது பலமாக இருந்தது. 1879இல் நான்கு கார்பன் வளையம் உள்ள அமிலம் ஒன்றை அறிவித்தார். பத்து வருஷம் கழித்து ஏழு கார்பன் வளையம்.

இடையில் 1880 வாக்கில் பாகு நகரத்துக் கச்சா எண்ணெயைக் கையில் எடுத்தார். காஸ்பியன் கரையில் கிணறுகள் பொங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்த எண்ணெய் அமெரிக்க பென்சில்வேனியா எண்ணெயைப் போல இல்லை, கனமாக இருந்தது. பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதியில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் வீதம் வருகிறது. கணக்குப்படி அது எத்திலீன் குடும்பம், அதாவது இரட்டைப் பிணைப்பு இருக்க வேண்டும், புரோமினை ஊற்றினால் நிறம் போக வேண்டும். அப்படி நடக்கவில்லை, இரட்டைப் பிணைப்பே இல்லாத சங்கிலி ஹைட்ரோகார்பனான பாரஃபின் மாதிரி அசையாமல் கிடந்தது. இரட்டைப் பிணைப்பு இல்லாமலே இந்த விகிதம் வர ஒரே வழி, சங்கிலியின் இரண்டு முனையும் சேர்ந்து வளையமாகிவிடுவதுதான். ஓக்லோப்லின் என்பவரோடு சேர்ந்து 1880களின் தொடக்கத்தில் இவற்றுக்கு நாஃப்தீன்கள் என்று பெயர் வைத்தார். நான் ரிப்போர்ட்டில் எழுதுவதாகச் சொன்னது இதைத்தான். கச்சா எண்ணெயை வடிக்கும்போது கிடைக்கும் இலேசான திரவமான நாஃப்தா மாதிரி ஒன்று ஆய்வகத்துக்கு வந்தால் பாரஃபின் இத்தனை சதவீதம், நாஃப்தீன் இத்தனை, பென்சீன் வகையான அரோமேட்டிக் இத்தனை என்று இன்றைக்கும் கேட்பார்கள். பாடப்புத்தகப் பெயரான சைக்ளோ ஆல்கேன் என்று யாரும் சொல்வதில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விவகாரம் ஒரு பத்து டிகிரி. பென்சீனை ஹைட்ரஜன் அயோடைடோடு சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கும் வினையை பெர்த்தலோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1867இல் செய்தார், அதில் கிடைப்பது பென்சீனில் ஆறு ஹைட்ரஜன் ஏறிய பொருள், அதாவது சைக்ளோஹெக்சேன் என்று ஜெர்மன் வேதியியலாளர் பையர் 1870இல் சொன்னார். மார்கோவ்னிகாஃபும் அதே பொருளைக் காக்கசஸ் எண்ணெயிலிருந்து வடித்து எடுத்துவிட்டதாக 1890இல் நினைத்தார். நான்கு வருஷத்தில் அதே பையர் ஜெர்மனியில் வேறு வழியில் சந்தேகமில்லாத சைக்ளோஹெக்சேனைத் தயாரித்துக் காட்ட, அது முன்பு கிடைத்த இரண்டு பொருளையும்விடப் பத்து டிகிரி அதிகத்தில் கொதித்தது. ஒரே பொருளுக்கு இரண்டு கொதிநிலை இருக்க முடியாதே. 1895இல் கிஷ்னர், ஜெலின்ஸ்கி, மார்கோவ்னிகாஃப் என்ற ரஷ்ய வேதியியலாளர்கள் மூவரின் வேலையில் குட்டு வெளிப்பட்டது: அந்தக் கடுமையான சூட்டில் ஆறு கார்பன் வளையம் ஐந்தாகச் சுருங்கி, மிச்சமான ஒரு கார்பன் வால் போல வெளியே தொங்குகிறது, அதாவது மெத்தில்சைக்ளோபென்டேன். மெத்தில்சைக்ளோபென்டேன் கொதிப்பது 72 டிகிரி, சைக்ளோஹெக்சேன் 81. எண்ணெயிலிருந்து வந்ததும் முந்தையதுதான். தான் சொன்னதைத் தானே திருத்த வேண்டிய நிலை, அதற்கும் அவர் தயங்கவில்லை.

அவர் ரஷ்ய மொழியில்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்ததால் விதி வெளிநாட்டுக்குத் தெரியாமலே போய்விட்டது என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. பிடிவாதம் உண்மை. ஆனால் விதி 1870லேயே ஜெர்மனில் அச்சாகிவிட்டது என்று மேலே பார்த்தோமே. அமில மாற்றியங்கள் என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் இரட்டைப் பிணைப்புக்கு விதி இருக்கும் என்று யார் புரட்டப்போகிறார்கள்?

1893இல் மாஸ்கோ ஆய்வகத்தின் பொறுப்பு அவரிடமிருந்து ஜெலின்ஸ்கி கைக்கு மாறியது, அப்புறமும் 1904இல் சாகும்வரை ஆராய்ச்சியை விடவில்லை. ஜெலின்ஸ்கி 1911இல், பிளாட்டினம் அல்லது பல்லேடியத்தின்மேல் சூடாக்கினால் ஆறு கார்பன் நாஃப்தீன்கள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு பென்சீன் வகையாக மாறுவதையும், ஐந்து கார்பன் வளையங்கள் மாறாமல் அப்படியே நிற்பதையும் காட்டினார். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை (எஞ்சினில் தட்டாமல் எரியும் தன்மையைக் காட்டும் எண்) உயர்த்த எங்கள் ஆலையின் ரிஃபார்மர் யூனிட்டில் பிளாட்டின வினையூக்கியை வைத்துச் செய்வதில் பெரும்பகுதி இந்த வினைதான், இப்போதைய வினையூக்கி ஐந்து கார்பன் வளையத்தையும் விரித்து ஆறாக்கிவிடுகிறது. அதனால்தான் நாஃப்தீன் சதவீதம் குறைந்த நாஃப்தா வந்தால் கன்ட்ரோல் ரூமிலிருந்து எங்களுக்கு உடனே போன் வருகிறது.