பச்சை இறைச்சியும் முட்டைக்கோதும்

ஒரு காலத்தில் கொழும்பில் நாய்க்கு என்ன சாப்பாடு என்று யாரும் டொக்டரிடம் கேட்டதில்லை. மிஞ்சின சோறு, மீன் தலை, சட்டி வழித்த குழம்பு, அவ்வளவுதான். பிறகு பையில் அடைத்த தீன் வந்தது. 2022இல் அந்தப் பையின் விலையைப் பார்த்துத் திகைத்துப்போனவர்கள் பலர் மறுபடி குசினிப் பக்கம் திரும்பினார்கள். மிருக வைத்தியரான என்னிடம் இப்போது நாய்க்கு ஊசி போட வருகிறவர்கள்கூட மேசையருகே நின்று கேட்பது ஒன்றைத்தான்: வீட்டில் செய்து பச்சையாகவே கொடுக்கலாமா? வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் லப்றடோருக்கு மூன்று வயது, 28 கிலோ. குட்டி போடாமல் ஒப்பரேஷன் செய்தாயிற்று. 80 பங்கு இறைச்சி, 10 பங்கு எலும்பு, 10 பங்கு ஈரல் வகை என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். அப்படியே பச்சையாக அரைத்துக் கொடுக்க நினைக்கிறேன். சரியா? (பம்பலப்பிட்டி)

வீட்டில் செய்து கொடுக்க நினைத்தது நல்ல விடயம். ஆனால் இந்தக் கணக்கு முழுச் சாப்பாடு அல்ல, அரைச் சாப்பாடு.

பச்சை எலும்பும் இறைச்சியும் கொடுக்கும் முறையை 1993இல் புத்தகம் எழுதிப் பரப்பியவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய மிருக வைத்தியர். அதன் பின் வந்தவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். 80-10-10 என்பது, ஒரு முயலையோ கோழியையோ நாய் முழுதாகத் தின்றால் என்ன கிடைக்குமோ அதைப் பாவனை செய்யும் முயற்சி. ஆனால் முயலின் தோலும் கண்ணும் மூளையும் குடலும் இறைச்சிக்கடையில் நாம் வாங்கும் பொதியில் வருவதில்லை. அதனால் சிங்க், மங்கனீஸ், அயடீன், விற்றமின் ஈ, விற்றமின் டி, ஒமேகா-3 ஆகியவை குறைந்துபோகின்றன. இரண்டு மாதத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மயிர் மங்கும், வாயைச் சுற்றித் தோல் பொருக்காகும். அப்போது "அலர்ஜி" என்று நினைத்து மருந்து தேடுவோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து வைத்தியர்கள் வீட்டில் செய்யும் நாய் உணவுக்கான 200 செய்முறைகளைக் கணக்குப் போட்டு 2013இல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் தேவையான சத்து ஒன்றாவது குறைவு. மிருக வைத்தியர்கள் எழுதிய செய்முறைகளும் அதில் இருந்தன. ஆகவே இது உங்கள் கவனக் குறைவு அல்ல. கண்மதிப்பில் சரிப்படுத்த முடியாத வேலை இது.

28 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,350 கலோரி வேண்டும். உடல் எடையில் இரண்டரை சதவீதம் என்று பிடித்தால் 700 கிராம். நான் சொல்வது இப்படி: 560 கிராம் கோழி அல்லது மாட்டிறைச்சி, அதில் ஒரு பங்கு இதயமாக இருக்கலாம். ஈரல் 35 கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஈரல் கூடினால் விற்றமின் ஏ உடம்பில் தேங்கி மூட்டுகளைக் கெடுக்கும். சிறுநீரகம் 35 கிராம். மீதிக்கு அவித்து மசித்த பூசணி, கரட் அல்லது கீரை.

எலும்புக்குப் பதில் முட்டைக்கோது. கோதைக் கொதிநீரில் பத்து நிமிடம் அவித்து, வெயிலில் காயவைத்து, மாவாகும்வரை கிரைண்டரில் அடியுங்கள். மட்டமான ஒரு தேக்கரண்டி மாவில் ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் இருக்கிறது. அன்றைய 700 கிராமுக்கு அது போதும். கிழமையில் இரண்டு நாள் அவித்த சாளை. இதற்கு மேலும் விடுபடுகிற சிங்க், அயடீன், விற்றமின் ஈ போன்றவற்றுக்கு, வீட்டுச் சாப்பாட்டோடு சேர்ப்பதற்கென்றே விற்கிற கலவைப் பொடி ஒன்றை உங்கள் மிருக வைத்தியரிடம் கேட்டுச் சேருங்கள். மனிதருக்கான விற்றமின் குளிசையை உடைத்துப் போடாதீர்கள்.

இனிப் பச்சையா, அவித்ததா? நான் அவிக்கத்தான் சொல்வேன். இறைச்சியைக் கொஞ்சத் தண்ணீரில் சிவப்பு மாறும்வரை வேகவைத்து, அந்தச் சாற்றையும் சாப்பாட்டிலேயே ஊற்றுங்கள். வெங்காயம் வேண்டாம், உள்ளி வேண்டாம், தூள் வேண்டாம். பச்சையாகக் கொடுத்தால் கூடுதல் நன்மை என்று உறுதியாகக் காட்டிய ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. பச்சை இறைச்சியில் சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி இருப்பதை மட்டும் பலர் காட்டியிருக்கிறார்கள்.

பழைய தீனிலிருந்து ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

நாலு மாத ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டி. வாங்கின நாளிலிருந்து எலும்பில்லாத மாட்டிறைச்சி மட்டும்தான், நல்ல இறைச்சி, பச்சையாக. இப்போது முன்கால்கள் வளைகிறமாதிரி இருக்கு. தூக்கினால் கத்துது. கல்சியம் சிரப் வாங்கிக் கொடுக்கவா? (கொட்டாஞ்சேனை)

இதைப் படித்தவுடனே குட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலுள்ள மிருக வைத்தியரிடம் போங்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டும். போகும்வரை படிக்கட்டில் ஏறவோ கட்டிலிலிருந்து குதிக்கவோ விடாதீர்கள்.

நடந்தது என்னவென்றால், 100 கிராம் மாட்டிறைச்சியில் கல்சியம் 10, 15 மில்லிகிராம்தான். பொஸ்பரஸோ 180க்கு மேல். வளரும் குட்டிக்கு இவை இரண்டும் ஏறத்தாழச் சமமாக, கல்சியம் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இதயமும் தசையும் இயங்காது. அதனால் கழுத்திலுள்ள பரதைரொயிட் சுரப்பி, "எங்கேயாவது எடு" என்று உத்தரவு போடும். எடுக்கக்கூடிய ஒரே களஞ்சியம் எலும்பு. இரவும் பகலும் எலும்பை அரித்து இரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது உங்கள் குட்டியின் உடம்பு. எக்ஸ்ரேயில் இந்த எலும்புகள் நிழல்போல மங்கலாகத் தெரியும். ஒரு முறை என் மேசையில் இப்படி ஒரு குட்டி, தம்பி ஒருவர் தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. "நான் சாப்பிடுகிற இறைச்சியைவிட விலை கூடினது கொடுத்தேன் டொக்டர்" என்று சொல்லி அழுதார். பொய்யில்லை. அன்பில் குறை இருக்கவில்லை, தட்டில்தான் கல்சியம் இருக்கவில்லை.

சிரப்பை நீங்களாகத் தொடங்க வேண்டாம். பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு மிஞ்சிய கல்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. கூடினாலும் எலும்பு கோணும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று சமன்செய்த தீனுக்கு இன்றே மாற்றி, சில கிழமை ஓய்வாகக் கூட்டில் வைத்தால், முதுகெலும்பில் முறிவு இல்லாதவரை பெரும்பாலான குட்டிகள் எழுந்து ஓடும். உங்கள் குட்டியும் ஓட வேண்டும் என்று வேண்டுகிறேன். எக்ஸ்ரேயில் என்ன வந்தது என்று அறியத் தாருங்கள்.

மற்றவர்களுக்கும் இது: ஒரு வயதுக்குட்பட்ட குட்டிக்கு வீட்டில் கணக்குப் போட்டுச் சாப்பாடு செய்ய முயல வேண்டாம். வளர்ந்த நாயின் உடம்பு பிழையைப் பொறுக்கும். குட்டியின் உடம்பு பொறுக்காது.

ஃப்ரீசரில் மூன்று நாள் வைத்தால் கிருமி எல்லாம் செத்துப்போகும்தானே? (கிருலப்பனை)

இல்லை. நன்றாக உறைந்தால் பல புழுக்களும் அவற்றின் கட்டிகளும் சாகும். சல்மொனெல்லா, லிஸ்தீரியா போன்ற பக்டீரியாக்கள் உறைநிலையில் தூங்கும். இறைச்சி இளகியதும் அவை எழும்பும். நம் கொழும்புச் சூட்டில், 30 பாகையில், எழும்பின கிருமிக்கு வசதியோ வசதி. நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அது இரட்டிக்கும்.

பச்சையாகத்தான் கொடுப்பேன் என்று முடிவெடுத்தவர்கள் இதையாவது செய்யுங்கள். ஒரு வேளைக்கு ஒரு பொதி என்று பிரித்து உறையவையுங்கள். இளகவைப்பது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடின பாத்திரத்தில். குசினி மேசையில் அல்ல. நாய் 20 நிமிடத்தில் சாப்பிடாவிட்டால் எடுத்து எறியுங்கள். அந்தக் கோப்பையை வீட்டுக் கோப்பைகளோடு கழுவ வேண்டாம். பலகையும் கத்தியும் நாய்க்கென்று தனியாக வேண்டும். 2022இல் ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் போன நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் தாங்கும், பாதி நிரம்பியது ஒரு நாள். ஃப்ரிட்ஜ் நாலு மணித்தியாலம்தான். முழுதாக இளகிச் சூடேறியதை மறுபடி உறையவைத்துக் கொடுக்கக் கூடாது.

போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டு என்பதால் முன்கூட்டியே நிறைய வாங்கி அடைப்பவர்களும் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

கோழிக் கழுத்து பல்லுக்கு நல்லது என்று தினமும் ஒன்று பச்சையாகக் கொடுக்கிறேன். (மட்டக்குளி)

நிறுத்துங்கள். மெல்பேர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2018இல் ஒன்றைக் காட்டினார்கள். பச்சைக் கோழியில், முக்கியமாகக் கழுத்தில், இருக்கும் கம்பைலோபக்டர் என்ற கிருமிக்கும் நாய்களுக்கு வரும் ஒரு நரம்பு நோய்க்கும் தொடர்பு இருக்கிறது. உடம்பு தன் நரம்பின் வேர்களையே தாக்கும். பின்னங்கால் தளரும், பிறகு முன்கால், குரைக்கும் குரல்கூட மாறும். பெரும்பாலான நாய்கள் தேறும், ஆனால் மாதக்கணக்கில் தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

அவித்துக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அவித்த எலும்பு ஊசிபோல உடையும், அது இன்னும் மோசம். மாட்டுக் கால் எலும்பு போன்ற கெட்டியானவற்றில் மேல்வாயின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்து வருகிற நாய்களை அடிக்கடி பார்க்கிறேன். கடிக்கக் கொடுக்கும் பொருளில் உங்கள் நகத்தை அழுத்திப் பாருங்கள், தடம் விழ வேண்டும். பல்லுக்கு நல்லது பிரஷ்தான்.

கடையில் ஆட்டு நுரையீரல், குடல் எல்லாம் நாய்க்கென்றால் சும்மாவே தருகிறார்கள். பச்சையாகப் போடலாமா? (தெமட்டகொடை)

ஒருபோதும் வேண்டாம். ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் சில சமயம் இருக்கும். அதைத் தின்ற நாயின் குடலில் ஒரு நாடாப்புழு வளரும். நீளம் சில மில்லிமீற்றர்தான், மலத்தில் கண்ணுக்குப் படாது. அதன் முட்டை நாயின் மயிரில் ஒட்டி, தடவும் பிள்ளையின் கைக்கு வந்து, வாய்க்குப் போனால், அதே நீர்க்கட்டி பிள்ளையின் ஈரலில் வளரும். வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கத்தி வைத்து எடுக்க வேண்டி வரலாம்.

சும்மா கிடைப்பதை விட வேண்டாம், நன்றாக வெந்தால் நுரையீரல் நல்ல புரதம். குரல்வளைப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் தைரொயிட் சுரப்பியைத் தொடர்ந்து தின்ற நாய்கள் மெலிந்து, படபடத்து, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். இதுவரை பச்சையாகக் கொடுத்திருந்தால், பிராசிகுவன்ரல் உள்ள பூச்சி மருந்தை வைத்தியரிடம் கேட்டு உடனே கொடுங்கள்.

முகத்துவாரத்தில் இருக்கிறோம், சாளை பிடித்த சூட்டோடு கிடைக்கும். பச்சையாகப் போட்டால்?

அவித்தே போடுங்கள். சாளை, நெத்தலி குடும்பத்து மீன்கள் சிலவற்றில் விற்றமின் பி1ஐ அழிக்கும் ஒரு நொதியம் உண்டு. உறையவைத்தால் அது போகாது, அவித்தால் போகும். தினமும் பச்சை மீன் தின்னும் நாய் தள்ளாடத் தொடங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சோறு நாய்க்கு விஷம் என்கிறார்கள். (வத்தளை)

விஷமில்லை. 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுவை ஓநாயோடு ஒப்பிட்டார்கள். மாச்சத்தைச் செரிக்கும் மரபணு நாய்க்குப் பல மடங்கு இருந்தது. மனிதரோடு வாழ்ந்து பெற்ற வரம் அது. சோறு பக்கத்தில் இருக்கலாம், சாப்பாடே சோறாக இருக்கக் கூடாது.

மகள் பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறாள். எங்கள் ரெக்ஸ் இரண்டு வருடமாகப் பச்சை இறைச்சிதான், ஒரு வருத்தமும் இல்லை. (தெஹிவளை)

ரெக்ஸுக்கு வருத்தம் இல்லாமல் இருக்கலாம். நாய் நோயில்லாமலே சல்மொனெல்லாவை மலத்தில் வெளியேற்றும். அந்த நாக்கால் மகளின் கையை நக்கும். மகள் வருவதற்கு இரண்டு கிழமை முன்பே அவித்த சாப்பாட்டுக்கு மாற்றுங்கள், குழந்தை தவழ்ந்து எழும்பும்வரை திரும்ப மாற்ற வேண்டாம். வீட்டில் வயதானவர்களோ புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களோ இருந்தாலும் இதேதான்.

நாங்கள் சைவம். மாமி குசினியில் மச்சம் வைக்க விடமாட்டா. வெள்ளிக்கிழமையும் சஷ்டியும் வீட்டுக்குள் முட்டைகூட இல்லை. நாய்க்கு என்ன செய்வது? (வெள்ளவத்தை)

மாமியின் மனம் நோகாமல் செய்யலாம். பூனைக்கு இறைச்சி இல்லாமல் முடியாது, நாய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு நாள் இறைச்சி இல்லாமல் இருந்தால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. பின்பக்கம் ஒரு சின்ன காஸ் அடுப்பு, நாய்க்கென்று ஒரு சட்டி, ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள். பச்சை இறைச்சி குசினிக்கு வராமல் இருப்பது மாமியின் ஆசாரத்துக்கும் நல்லது, சுகாதாரத்துக்கும் நல்லது. ஞாயிறன்று ஒரு கிழமைக்கு அவித்துப் பிரித்து, சின்ன ஃப்ரீசர் ஒன்று வாங்க முடிந்தால் அதில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் குழைய அவித்த பருப்பு, கொஞ்சம் சோறு, பூசணி, தயிர். தாளிக்க வேண்டாம், வெங்காயம் வேண்டாம். சஷ்டி ஆறு நாளும் என்றால் பருப்பும் தயிரும் போதாது. அந்த ஆறு நாளுக்கு, முழுச் சத்துள்ளது என்று பையில் எழுதியிருக்கும் தீன் ஒரு சின்னப் பை வாங்கி வெளியில் வைத்துக் கொடுங்கள். அதற்கும் மாற்றுவதற்கு முன் மூன்று நாலு நாள் கலந்து பழக்குங்கள், இல்லாவிட்டால் சஷ்டியின் முதல் நாளே வயிற்றோட்டம் வந்து மாமிதான் முற்றம் கழுவ வேண்டியிருக்கும்.