மூன்றரை வயது மகளின் குழந்தைகள் மையத்தில் மாதம் ஒரு விழாவும் வீட்டுச் செய்திப் பலகையும் தேவைதானா?

மாதம் ஒரு விழா நடத்துகிறார்கள், "நம் வீட்டுச் செய்திகள்" என்று ஒரு பலகையை மாட்டி யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருடைய பாட்டி ஊரிலிருந்து வந்தார் என்றெல்லாம் எழுதிப் போடுகிறார்கள், அந்த நேரத்தில் நாலு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியை வைத்துப் பார்த்தால், நீங்களும் உங்கள் துணைவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றும், போன வாரம்தான் ஏதோ ஒரு வேடத்துக்கோ வண்ண உடைக்கோ கடைக்கு அலைந்திருக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை.

திருவாரூர் மாவட்டத்தில் முத்துப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 28 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது பால்வாடி, நான் பால்வாடி டீச்சர். பால்வாடியில் சோறு போட்டுத் தூங்க வைப்பதைத் தவிர வேறென்ன நடக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டபோதே, அது செய்ய வேண்டியவை என்று வகுக்கப்பட்ட ஆறு பணிகளில் முன்பருவக் கல்வியும் ஒன்றாக இருந்தது. இன்றைக்குப் பெரிய நகரங்களில் பணம் கட்டிப் பெறுகிற "விளையாட்டு வழிக் கல்வி"யைத்தான் நாங்கள் கிழிந்த பாயில் உட்கார வைத்து நடத்தினோம்.

எழுத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மூன்றரை வயதுக் கை, பென்சிலைப் பிடித்து "அ"வின் சுழியைச் சுழிப்பதற்கு இன்னும் பழகவில்லை. புளியங்கொட்டையைப் பொறுக்கி, களிமண்ணைப் பிசைந்து, ஈர்க்கில் பூவைக் கோத்த கைதான் பிறகு அந்தச் சுழியைச் சுழிக்கும். 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரை ஒரே கட்டமாக வைத்து விளையாட்டு வழியைத்தான் சொல்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளைப் பற்றி என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்; நான் சொல்வது இந்த ஒன்றை மட்டும்தான்.

விழாவுக்கு வருகிறேன். பருவத்துக்கு ஏற்ற வேலை என்றால் எங்கள் மையத்தில் அது நாட்காட்டியைப் பார்த்து வந்ததில்லை, வாசலைப் பார்த்து வந்தது. ஆடிக் காற்று தொடங்கியதும் பனையோலைக் காற்றாடி செய்வோம். கருவேல முள்ளைக் குத்தித்தான் ஊரில் செய்வார்கள், நாங்கள் தென்னை ஈர்க்கு வைத்துச் செய்தோம் என்பதையும் சொல்லி வைக்கிறேன், இல்லாவிட்டால் குழந்தை கையில் முள்ளைக் கொடுத்தாயா என்று யாராவது கேட்பார்கள். ஆடிப் பதினெட்டுக்குக் குழந்தைகள் வீட்டிலிருந்து சிறிய மரச் சப்பரத்தை இழுத்துக்கொண்டே மையத்துக்கு வருவார்கள். யாருடைய சப்பரம் பெரியது, எதற்குச் சக்கரம் கழன்றிருக்கிறது என்று பார்ப்பதிலேயே பெரியது சிறியதும், முன்னால் பின்னாலும், ஒன்று இரண்டும் வந்துவிடும். ஐப்பசியில் வெளியே போக முடியாது. சன்னலோரம் உட்கார்ந்து, வாசலில் தேங்கிய தண்ணீரில் நட்டு வைத்த குச்சி நேற்றைக்கு எவ்வளவு மூழ்கியிருந்தது, இன்றைக்கு எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்ப்போம். தையில் களத்துக்குப் போய் நெல்லையும் பதரையும் தூற்றுவதைப் பார்த்துவிட்டு வருவோம். பங்குனியில் ஊரெங்கும் புளி உடைப்பதால் கொட்டைக்குப் பஞ்சமில்லை, சித்திரையில் நுங்கு தின்ற கோந்தையில் வண்டி. இவற்றில் எதற்கும் பெற்றோர் ஒரு ரூபாய் செலவழித்ததில்லை.

எங்கள் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். அதனால் எந்தப் பண்டிகை, யாருடைய பண்டிகை என்ற கேள்வி எனக்கும் வந்தது. மையம் எந்தப் பண்டிகையையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாமல், அந்தந்த வீட்டுப் பிள்ளை தன் வீட்டில் நடப்பதைச் சொல்ல, மற்றவர்கள் கேட்பதென்று வைத்துக்கொண்டேன். நோன்பு மாதத்தில் ஒரு சிறுவன் எழுந்து, பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றும்போது தூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதை அப்படியே நடித்துக் காட்டினான். சூடு பட்டுக் கையை உதறுவதைக்கூட விடவில்லை. மறுநாள் பதினேழு பிள்ளைகளும் தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எங்கள் உதவியாளர் அம்மாதான் கஞ்சி ஊற்றுபவர்.

உங்கள் மையத்தில் விழா என்றால் வேடம், வேடம் என்றால் புகைப்படம் என்று இருக்குமானால் உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. எங்களுக்கும் கடைசி சில ஆண்டுகளில் அந்த நோய் வந்தது. செப்டம்பர் மாதத்தை 2018 முதல் ஊட்டச்சத்து மாதமாகக் கொண்டாடுகிறோம். நோக்கம் நல்லது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முறை, கேரட்டையும் கீரையையும் பரப்பிக் காய்கறிக் கோலம் போட்டு, அதைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்து, படம் சரியாக வரவில்லை, மறுபடி எடுங்கள் என்று சொன்னதில் சாப்பாடு முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. சத்துணவைப் பற்றிய கோலத்தைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் பசியில் அழுதார்கள். சொன்னது யார் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

இனி அந்தப் பலகை. உங்கள் கேள்வியில் என்னைத் தொட்டது அதுதான்.

எங்கள் கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு முழ அகலத்தைக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தேன். காலையில் பாயில் வட்டமாக உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக வீட்டுச் செய்தி சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளைகள் என்பதால் எழுதுவதில்லை, வரைவோம். ஆடு குட்டி போட்டால் ஆடு, பல் விழுந்தால் பல், விமானம் வரைந்திருந்தால் யாரோ ஒருவருடைய அப்பா சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறார் என்று பொருள். நான்கு வார்த்தை கோவையாகப் பேசாத பிள்ளை, தன் வீட்டுச் செய்தி பலகைக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பத்து வார்த்தை பேசும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்து எங்கள் பகுதித் தென்னைகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மையத்தை மறுபடி திறந்த அன்று பலகையில் படுத்த மரங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு தாத்தா இறந்தபோது என்ன வரைவதென்று தெரியாமல் நான் சாக்பீஸோடு நின்றேன். அவருடைய பேத்தி, "கட்டிலப் போடுங்க டீச்சர், ஆளு இல்லாம" என்றாள். போட்டேன். ஒரு வாரம் வரை யாரும் அதை அழிக்க விடவில்லை.

இவ்வளவு பெருமையோடு சொல்கிற அதே பலகையில்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நடந்தது.

2019ஆம் ஆண்டு ஆடி மாதம். நாலு வயதுப் பெண் ஒருத்தி தன் முறை வந்ததும் என் காதருகே வந்து, அம்மா வாந்தி எடுப்பதாகவும், வயிற்றில் பாப்பா இருப்பதாகவும், யாரிடமும் சொல்லக் கூடாதாம் என்றும் சொன்னாள். கடைசிச் சொற்கள் என் காதில் விழாமல் இல்லை. ஆனால் எனக்கு அப்போது வேறு கணக்கு ஓடியது. கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிச் சத்துமாவு கொடுப்பது என் வேலை. 12 வாரங்களுக்குள் பதிந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் அப்போது தந்த 18,000 ரூபாயின் முதல் தவணை கிடைக்கும் என்று இருந்ததால், கிராம சுகாதாரச் செவிலியரிடமும் உடனே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு, ஒரு தம்பியோ தங்கையோ வரப்போகும் மகிழ்ச்சியில் அந்தச் சின்ன முகம் இருந்த இருப்பையும் பார்த்து, அவள் பெயருக்கு நேரே ஒரு தொட்டில் வரைந்துவிட்டேன்.

மாலையில் கூப்பிட வந்தது அம்மா இல்லை, அப்பாவைப் பெற்ற பாட்டி. எங்கள் பலகையின் படமொழி ஊருக்கே தெரியும். தொட்டிலைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அன்றிரவுக்குள் செய்தி நாலு ஊருக்குப் போய்விட்டது.

அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு முந்தைய ஆண்டு இரண்டாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. அப்போது உறவுகள் வந்து துக்கம் கேட்ட விதத்திலும், அவர் செய்யாத தவறுகளை எல்லாம் எடுத்துச் சொன்ன விதத்திலும் மனம் நொந்து, இந்த முறை மூன்று மாதம் முடியும் வரை கணவரைத் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று இருந்திருக்கிறார். பதினொரு நாள் பிள்ளை மையத்துக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காபி கொடுத்துவிட்டு, "உங்ககிட்ட சொன்னது என் புள்ளை டீச்சர். நான் சொல்லலையே" என்றார். நான் நிதியுதவி, பதிவு, 12 வாரம் என்று ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நாள் பிசகாமல் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் சமுதாய வளைகாப்பிலும் வந்து உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் சிரிப்பார். ஆனால் வீட்டு விஷயம் என்று ஒன்றையும் அதன்பிறகு என்னிடம் அவர் பேசியதில்லை.

ஒரு குழந்தை சொன்னதை நம்பியது தவறா, அரசுப் பணியாளர் கர்ப்பிணியைப் பதிவது தவறா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பதிவது தவறில்லை, பதிவேடு என் மேசைக்குள் இருக்கிறது, பலகை சுவரில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பாயில் பிள்ளை எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கேட்போம், அதைப் பற்றிப் பேசுவோம், பாடுவோம். ஆட்டுக்குட்டியும் விழுந்த பல்லும் உடனே பலகை ஏறும். மனிதர்களைப் பற்றிய செய்தி, அதிலும் உடம்பு, சண்டை, கடன், பிறப்பு, இறப்பு எதுவானாலும், மாலையில் அம்மாவிடமோ அப்பாவிடமோ தனியே கேட்டு அவர்கள் சரி என்றால்தான் மறுநாள் வரைவோம். பிள்ளைகள் தங்கள் வீட்டு ரகசியம் எவ்வளவு சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாது; உங்கள் வீட்டு ரகசியமும் உங்கள் மகளின் டீச்சருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே பலகையை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். உங்கள் மகள் தன் வீட்டைப் பற்றி வெளியே நின்று பேசிப் பழகும் முதல் இடம் அது. அந்தச் செய்தியைப் பலகையில் ஏற்றும் முன் உங்களைக் கேட்கிறார்களா, அதைப் படம் எடுத்து எல்லாப் பெற்றோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்களா என்ற இரண்டையும் விசாரியுங்கள். போடுகிறார்கள் என்றால் உங்கள் வீட்டுச் செய்தியையும் மகளின் படத்தையும் கேட்காமல் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். விழாவைப் பொறுத்தவரை, அடுத்த வேடத்துக்குத் துணி வாங்கச் சொல்லித் தகவல் வரும்போது, அதற்குப் பதிலாக ஒரு படி புளியங்கொட்டை கொடுத்தனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். நகரத்தில் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் வீட்டில் இரண்டு டப்பா இன்னும் அப்படியே இருக்கிறது.