டிப்போ மனையை அடகு வைக்காதீர்கள்

போன வாரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி, இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்த பையன். அப்பாவுக்குச் சாலையோரமாக 18 சென்டில் விறகு டிப்போ. பையனின் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 94. மாமா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். நாலு வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 7 லட்சம். டிப்போ மனையை அடகு வைத்தால் பணம் கிடைத்துவிடுமாம். "விறகுக் கடைக்காரன்னா நாளைக்கு இவனுக்கு எவன் சார் பொண்ணு குடுப்பான்?" என்றார் மாமா. அம்மா அழுதார். பையன் வாயே திறக்கவில்லை.

பதறாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகு, அப்படிச் சொன்னது போதாது என்று பட்டது. அதனால் அந்த அப்பாவுக்கு வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அய்யா, மனையை அடகு வைக்காதீர்கள். மாதம் 100-க்கு 1 ரூபாய் வட்டி என்றாலே 7 லட்சத்துக்கு மாதம் 7,000 ரூபாய். முதல் தனி. அதைக் கட்டுவதற்கு உங்களுக்கு இருக்கும் ஒரே வருமானம் அந்த டிப்போ; அதன் மனையையே பணயம் வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறீர்கள். அதுவும் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை, நாலு வருஷமும் கணக்கு துரத்தும் படிப்புக்கு. மைத்துனர் உங்கள் மேல் அக்கறையில்தான் பேசுகிறார், சந்தேகமில்லை. ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

நீங்கள் மூவரும் டீ குடிக்கப் போயிருந்தபோது பையனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: விறகு காய்ந்துவிட்டது என்று எப்படித் தம்பி தெரியும்? அதுவரை குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். "ரெண்டு துண்டைத் தட்டிப் பாப்பேன் சார். காஞ்சிருந்தா ணங்குனு கேக்கும், ஈரமா இருந்தா தொப்புனு அடங்கிடும். வெட்டு முகத்துல நடுவுலேர்ந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானா கழண்டுக்கும்." பத்து நிமிஷம் பேசினான். எந்தச் சமையல்காரர் எவ்வளவு பாக்கி என்பது உட்பட எல்லாம் மனப்பாடம். உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று நினைக்கிறீர்கள். அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான், உங்கள் டிப்போவில்.

கலை அறிவியல், பாலிடெக்னிக், ஐடிஐ பற்றியெல்லாம் சொல்ல ஆள் நிறைய உண்டு, நான் விடுகிறேன். டிப்போவையே இரண்டு வருஷப் படிப்பாக எடுத்துக்கொண்டால் என்ன கற்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்கிறேன்.

வீட்டு அடுப்புக்கு விறகு விற்ற காலம் போய்விட்டது, சரி. ஆனால் கல்யாண மண்டபச் சமையல், பிரியாணிக் கடை, விறகு அடுப்பு பேக்கரி, செங்கல் சூளை, சுடுகாடு இவை எல்லாம் இன்னும் விறகைத்தான் கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு. பிரியாணி மாஸ்டருக்குத் தம் போடக் கங்கு நிற்கும் தடித்த கட்டை வேண்டும். புளியங்கட்டை வந்தால் விட மாட்டார். பந்திச் சமையல்காரருக்கு ஒரே நீளத்தில் பிளந்த, புகையாத துண்டு வேண்டும். சூளைக்கு மிலாறே, அதாவது மெல்லிய கிளைக் குச்சிகளே, போதும். ஒரு சவுக்குத் தோப்பை மொத்தமாகப் பேசி வெட்டினால் நேரான கழி சாரத்துக்கும் பந்தலுக்கும் போகும், உருட்டுக்கட்டை காகித ஆலைக்கோ அடுப்புக்கோ போகும், வேர்க்கட்டை தனி, மிலாறு தனி. பிரித்து விற்பதில்தான் காசு. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே அம்பாரமாகக் கொட்டி ஒரே விலைக்கு விற்கிறீர்கள்.

இந்தத் தொழிலின் உயிர் ஈரக்கணக்கில் இருக்கிறது. பச்சை மரத்தின் எடையில் 45 சதவீதம் தண்ணீர் என்று வையுங்கள். 1,000 கிலோ வாங்கினால் அதில் மரம் 550 கிலோதான். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்தால் மிஞ்சும் எடை சுமார் 690 கிலோ. கணக்குக்காக டன் 4,000 ரூபாய்க்கு வாங்கியதாகக் கொண்டால் காய்ந்த விறகின் அடக்கவிலை கிலோ 5 ரூபாய் 80 காசு ஆகிறது. வெட்டுக்கூலியும் ஏற்றுகூலியும் அதற்கு மேல். பச்சை விலையோடு ஒரு ரூபாய் சேர்த்து 5 ரூபாய்க்கு விற்றால், லாபம் என்று நினைத்துக்கொண்டே நஷ்டத்தில் விற்கிறோம். சிறிய ஈரமானி ஒன்று வாங்கிக் கொடுங்கள். துண்டைப் பிளந்து உள்முகத்தில் ஊசியைக் குத்திப் பார்க்க வேண்டும், வெளித்தோலில் அல்ல.

சவுக்கு பச்சையாகவே எரியும் என்பார்கள். எரியும்தான். ஆனால் அடுப்புச் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகையில் பாத்திரம் கறுத்த கோபத்தில் சமையல்காரர் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு கடை பார்ப்பார். அடியில் இரண்டு வரிசை உதவாக்கட்டையைப் போட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுப் புக அடுக்குங்கள். தார்ப்பாய் தலைக்கு மட்டும். பக்கங்களை மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, கையிருப்பு தேங்கும் என்று வருத்தப்படாமல் அந்த வெயிலில் காயவைத்தால் ஐப்பசி மழையில் ஊரே காய்ந்த விறகு தேடும்போது உங்களிடம் இருக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் சாய்ந்தபோது வந்த கட்டையை எல்லாம் ஈரத்தோடு வந்த விலைக்குத் தள்ளியதாகச் சொன்னீர்களே, அந்த வருத்தத்துக்கு மருந்து இதுதான்.

கருவிகளை ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் எலக்ட்ரானிக் தராசு. ஆண்டுதோறும் தொழிலாளர் துறையில் முத்திரை போட்டுவிடுங்கள். எடையில் நம்பிக்கை வந்தால் மண்டபக்காரர் பேரம் பேசுவது குறையும். அடுத்து செயின் சா. பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கும் அளவு கையேட்டில் போட்டிருக்கும், குத்துமதிப்பாக ஊற்றினால் இன்ஜின் சிக்கிவிடும். அறுக்கும்போது விழுவதைப் பையன் பார்க்கட்டும்: சீவலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது; மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது, உடனே நிறுத்தி உருட்டு அரத்தால் தீட்ட வேண்டும். மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவர்களுக்குத்தான் விபத்து வருகிறது. பிளேடின் மேல் நுனி கட்டையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். லுங்கியும் செருப்புமாக யாரும் அதைத் தொடக் கூடாது. ஷூ, கண்ணாடி, காதடைப்பான், தலைக்கவசம் இல்லாத நாளில் வேலையும் இல்லை. அனுபவமுள்ள வெட்டுக்காரர் ஒருவரிடம் பையன் சில மாதம் கூட நின்று கற்கட்டும்.

ஹைட்ராலிக் பிளப்பு மெஷினுக்கு அவசரப்படாதீர்கள். சவுக்குக் கழிக்கு அது தேவையே இல்லை. வேர்க்கட்டைக்கும் முறுக்கேறிய முந்திரிக்கும் புளிக்கும்தான் வேண்டும். சம்மட்டியும் ஆப்பும் வைத்துப் பிளக்கக் கொடுக்கும் கூலியை ஆறு மாதம் எழுதிப் பாருங்கள், அந்தத் தொகை மெஷின் தவணையைத் தாண்டினால் வாங்கலாம். இரண்டு கையாலும் பிடித்தால் மட்டும் ஓடும் இரட்டை லீவர் மாடலாகப் பாருங்கள். ஒருவர் கட்டை வைக்க இன்னொருவர் லீவர் இழுக்கும் பழக்கம்தான் விரலை வாங்குகிறது. வண்டி கடைசியில். அதுவரை குட்டி யானை வாடகைக்குப் போதும்.

பணத்துக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டத்துக்கு 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும், 25 சதவீத மானியம் உண்டு. விறகுக்கு ஜிஎஸ்டி கிடையாது. எந்த மரத்தை வெட்ட, ஏற்ற அனுமதி வேண்டும் என்பதை வனச்சரக அலுவலகத்தில் பையனே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். புறம்போக்கு மரம் மலிவாக வருகிறது என்று யார் சொன்னாலும் தொடாதீர்கள். பாய்லர் வைத்திருக்கும் ஆலைகள் டன் கணக்கில் கேட்கும், பணம் மாதக் கணக்கில் நிற்கும். முதல் வருஷம் அந்தப் பக்கம் வேண்டாம்.

பட்டம் வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார், நியாயம்தான். சிதம்பரம் பக்கத்தில்தானே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் பி.காம் சேர்க்கலாம். மனையை விற்க வேண்டாம், அடகு வைக்க வேண்டாம். கற்கிற வரவு செலவுக் கணக்கை அன்றே டிப்போவில் போட்டுப் பார்க்கவும் முடியும்.

பெண் கொடுப்பார்களா என்று கேட்ட மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள்: 22 வயதில் கடன் இல்லாமல், சொந்த மனையில் தொழில் நடத்தும் பையன் ஒரு பக்கம், 7 லட்சம் கடனும் அரியர் பேப்பருமாக நிற்கும் பையன் இன்னொரு பக்கம். தன் மகளுக்கு அவர் எந்த வீட்டைப் பார்ப்பார்?

பையனுக்கு ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன மரம், பச்சையில் எத்தனை கிலோ, காய்ந்த பின் எத்தனை, யாருக்குப் போனது, என்ன விலை என்று தினமும் எழுதட்டும். புரட்டாசியில் அவனையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.